நேற்றில் இறங்கிய விமானம்

2018-ஆம் ஆண்டு பிறந்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. நியூசிலாந்தின் ஆக்லாந்திலிருந்து ஹவாயன் ஏர்லைன்ஸின் 446-ஆம் எண் விமானம் ஹொனலுலுவுக்குக் கிளம்பியது. முந்தின இரவு 11.55-க்கே கிளம்பியிருக்க வேண்டியது. பத்து நிமிடத் தாமதம். பசிபிக் நடுவே தேதிக்கோட்டைத் தாண்டிப் போய் இறங்கியபோது ஹொனலுலுவில் 2017 டிசம்பர் 31, காலை 10.16. புத்தாண்டில் ஏறியவர்கள் பழைய ஆண்டில் இறங்கினார்கள். செய்தித்தாள்களும் சமூக ஊடகங்களும் காலப் பயணம் என்று கொண்டாடித் தீர்த்தன. தாமதமே ஆகாமல் 11.55-க்குக் கிளம்பியிருந்தாலும் அவர்கள் அதே டிசம்பர் 31 காலையில்தான், அதாவது கிளம்புவதற்குப் பல மணி நேரம் முன்னால்தான், இறங்கியிருப்பார்கள். அந்தத் தடத்தில் இது அன்றாட வழக்கம். ஆண்டு எண் மாறியதால் மட்டும் அது அதிசயமாயிற்று.

வேடிக்கைக்குச் சொன்னதை வேடிக்கையாகவே விட்டுவிடலாம் என்று தோன்றும். ஆனால் கேள்வி வேடிக்கையானது அல்ல. நேர மண்டலங்களைத் தாண்டிப் பறப்பவர் காலத்தில் முன்னேயோ பின்னேயோ போகிறாரா? 'அதெல்லாம் வெறும் கடிகாரக் கணக்கு' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிற புத்திசாலிகள் உண்டு. அவர்களும் முழுக்கச் சரியில்லை. விமானத்தில் போய்வந்த கடிகாரம் தரையில் இருந்த கடிகாரத்தோடு ஒத்துப்போகாது என்பது 1971-லேயே அளந்து காட்டப்பட்ட உண்மை. எனவே நம்புகிறவர், சிரிக்கிறவர் இருவரையுமே விசாரிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் அளவுகோல். அமெரிக்கத் தத்துவவாதி டேவிட் லூயிஸ் 1976-ல் காலப் பயணத்தின் முரண்கள் பற்றி எழுதிய கட்டுரையில் ஒரு தெளிவான வரையறை தந்தார். பயணியின் சொந்தக் காலம் ஒன்று. அவரைச் சுற்றியுள்ள உலகத்தின் காலம் இன்னொன்று. அவர் கைக்கடிகாரம் ஓடியதும் முடி வளர்ந்ததும் பசி எடுத்ததும் முதலாவதில் சேரும். இரண்டும் பொருந்தாமல் போனால் அது காலப் பயணம். பொருந்தினால் வெறும் பயணம். இந்த வரையறையில் எனக்குப் பிடித்தது, அதைச் சோதித்துப் பார்க்க முடியும் என்பது. ஒரே மாதிரி இரண்டு கடிகாரம்; ஒன்று பயணியோடு போகட்டும், மற்றது வீட்டில் இருக்கட்டும்; திரும்பி வந்ததும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அணுக்கடிகாரம் கையில் இல்லாதவர்களுக்கு இன்னொரு சோதனை: தொலைபேசி. 446-இல் போனவர் ஹொனலுலுவில் இறங்கியதும் ஆக்லாந்தில் இருக்கும் தம்பியைக் கூப்பிடட்டும். 'மார்க் ஆண்டனி' படத்தில் வருவதுபோலக் கடந்தகாலத்தோடு பேசவைக்கும் தொலைபேசி என்றால் வழியனுப்ப வந்து இன்னும் வீடு திரும்பாத தம்பி எடுப்பான். சாதாரண கைபேசி என்றால் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்ட தம்பி எடுப்பான். ஹொனலுலுவில் டிசம்பர் 31 காலை 10.16 ஆகும்போது ஆக்லாந்தில் ஜனவரி 1 காலை 9.16. கிளம்பியபோது அங்கே 12.05. இடைப்பட்ட 9 மணி 11 நிமிடம் அண்ணனுக்கும் கழிந்தது, தம்பிக்கும் கழிந்தது. ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை, குறையவும் இல்லை.

நேற்றுக்குப் போனவர் நாளைய சேதி ஏதாவது கொண்டுபோனாரா என்றும் கேட்கலாம். போனார்: ஆக்லாந்தின் ஜனவரி முதல் ஐந்து நிமிடத்தில் நடந்தது அவருக்குத் தெரியும். ஆனால் ஹொனலுலுவில் அன்று மாலை மழை வருமா என்பது அவருக்குத் தெரியாது. அவர் வந்தது ஹொனலுலுவின் எதிர்காலத்திலிருந்து அல்ல, வேறோர் ஊரின் கடந்தகாலத்திலிருந்து. அங்கே அவர் எந்தப் பந்தயத்திலும் ஜெயிக்க முடியாது.

இத்தோடு வழக்கை மூடிவிடலாம். ஆனால் எதிர்த்தரப்பு தன் வாதத்தை இன்னும் முழுதாக வைக்கவில்லை. நேர மண்டலம் என்பது என்ன, யார் போட்டது என்று கேட்டுவிட்டு மேலே போவோம்.

அது அரசாணை. 1884 அக்டோபரில் வாஷிங்டனில் கூடிய மாநாடு கிரீன்விச்சைத் தொடக்கக் கோடாக ஏற்றது; அதன்மேல் ஒவ்வொரு நாடும் தன் வசதிக்கேற்ப நேரத்தை வைத்துக்கொண்டது. சென்னைக்கு அதற்கு முன்பே சொந்த நேரம் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வகம் கணித்த மதராஸ் நேரம் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 வினாடி முந்தியது. இந்திய ரயில்கள் பல்லாண்டுகள் அதன்படி ஓடின. 1906-ல் இந்திய நேரம் ஐந்தரை மணி என்று ஆனபோது சென்னைவாசிகள் எல்லாரும் ஏறக்குறைய ஒன்பது நிமிடம் எதிர்காலத்துக்குத் தாவினார்கள் என்று யாரும் சொல்லவில்லை. நேபாள எல்லையில் காலை எடுத்து வைத்தால் கால்மணி. சீனா மொத்தத்துக்கும் ஒரே நேரம் என்பதால், ஆப்கானிஸ்தானின் வாகான் எல்லையை நடந்து தாண்டுகிற ஒருவருக்கு ஒரே அடியில் மூன்றரை மணி நேரம் கூடும். அதற்கு விமானம் எதற்கு?

இலங்கையில் நடந்தது இதைவிடக் கூர்மையான உதாரணம். மின்தட்டுப்பாட்டைச் சமாளிக்க 1996 மே மாதம் அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அக்டோபரில் அரை மணி பின்னே இழுத்தது. 2006 ஏப்ரலில்தான் பழைய ஐந்தரைக்குத் திரும்பியது. இடைப்பட்ட காலமெல்லாம் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் பழைய நேரத்தையே வைத்திருந்தன. 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு ஏ9 வீதி திறந்தபோது, வவுனியாவிலிருந்து ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டி வன்னிக்குள் போன பேருந்துப் பயணிக்கு அரை மணி நேரம் குறைந்தது. அவர் கிழக்கேயும் போகவில்லை, மேற்கேயும் போகவில்லை. நேர் வடக்கே போனார். சூரியனுக்கும் அந்த அரை மணிக்கும் சம்பந்தமே இல்லை. எந்த அதிகாரத்தின் கீழ் நிற்கிறோம் என்பதை அவர் கைக்கடிகாரம் சொல்லியது. நேர மண்டலம் என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் துல்லியமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

சமோவா இன்னும் தாராளம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்தோடு வணிகம் செய்ய வசதியாக 2011 டிசம்பரில் அந்நாடு தேதிக்கோட்டின் மறுபக்கத்துக்கு மாறியது. வியாழன் 29-க்குப் பிறகு விடிந்தது சனி 31. வெள்ளிக்கிழமை என்று ஒன்று அங்கே இல்லை. அந்த இல்லாத வெள்ளிக்கும் ஊழியருக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்று அரசு சொன்னது. நாடு மொத்தமும் ஒரு நாள் எதிர்காலத்துக்குப் போனது, ஒருவர்கூட நாற்காலியை விட்டு எழவில்லை. இப்போது சமோவாவிலிருந்து பக்கத்திலிருக்கும் அமெரிக்கச் சமோவாவுக்குச் சிறு விமானத்தில் போனால் அரைமணிப் பயணத்தில் முந்தின நாள் வந்துவிடும். பிறந்தநாளை இரண்டு முறை கொண்டாடலாம். வயது ஒன்றுதான் கூடும்.

இந்தக் காலப் பயணத்தைத் தொழிலாகவே செய்பவர்கள் விமானிகள். அவர்கள் எந்த ஊர் நேரத்தையும் நம்புவதில்லை. பறப்புத் திட்டம், வானிலை அறிக்கை, கட்டுப்பாட்டு அறைப் பேச்சு எல்லாம் ஒரே உலகப் பொது நேரத்தில், அவர்கள் மொழியில் 'ஸூலு'வில், நடக்கும். சென்னையில் ஏறினாலும் சிகாகோவில் இறங்கினாலும் அந்தக் கடிகாரம் முன்னே போவதுமில்லை, பின்னே வருவதுமில்லை. மண்டலக் கணக்கைப் பயணிகளுக்கு விட்டுவிட்டார்கள்.

இனி எதிர்த்தரப்பின் வலுவான வாதம். அரசாணையை விடு, சூரியனுமா அரசாணை? மேற்கே வேகமாகப் போனால் பகல் நீள்கிறது, கிழக்கே போனால் சுருங்குகிறது; இது காகிதத்தில் போட்ட கோடு அல்லவே. இதை நான் மதிக்கிறேன். இதற்கு ஐந்நூறு ஆண்டுச் சரித்திரமும் இருக்கிறது.

1519-ல் மெகல்லனோடு ஐந்து கப்பல்கள் ஸ்பெயினை விட்டு மேற்கே கிளம்பின. 1522 ஜூலையில் உலகைச் சுற்றி முடிக்கவிருந்த ஒரே கப்பலான விக்டோரியா கேப் வெர்டே தீவுகளைத் தொட்டது. கரைக்குப் போனவர்களிடம் இன்று என்ன கிழமை என்று கேட்டுவரச் சொன்னார்கள். வியாழன் என்று பதில் வந்தது. கப்பல் கணக்கில் புதன். கப்பலில் நாட்குறிப்பு எழுதிவந்த அந்தோனியோ பிகாஃபெத்தா ஒரு நாளும் விடாமல் எழுதியவர். அவருக்குத் தலை சுற்றியது. உண்மையில் அவர் கணக்கு தப்பவில்லை. மேற்கே போனவர்களுக்கு ஒவ்வொரு நாளும் இருபத்து நான்கு மணி நேரத்தைவிட ஒரு துளி நீண்டிருந்தது. மூன்று ஆண்டில் அந்தத் துளிகள் சேர்ந்து ஒரு முழு நாளாயின. வீட்டிலிருந்தவர்களைவிட அவர்கள் ஒரு விடியல் குறைவாகப் பார்த்திருந்தார்கள். இப்படி நடக்கும் என்று சிரியாவின் அரச குலத்துப் புவியியலாளர் அபுல் ஃபிதா 14-ஆம் நூற்றாண்டிலேயே, உலகை யாரும் சுற்றிவராத காலத்தில், கணக்குப் போட்டு எழுதியிருந்தார். அதைப் படித்தவர் யாரும் கப்பலில் இருக்கவில்லை போலும்.

ஒரு நாள் குறைந்தது, சரி. அந்த மாலுமிகள் ஒரு நாள் இளமையாக வந்தார்களா? அவர்களிடம் ஒரு மணற்கடிகாரம் நிற்காமல் ஓடியிருந்தால், ஸ்பெயினில் ஓடிய மணற்கடிகாரம் எத்தனை முறை கவிழ்ந்ததோ அத்தனை முறைதான் இதுவும் கவிழ்ந்திருக்கும். அவர்கள் எண்ணியது காலத்தை அல்ல. சூரியன் தலைக்கு மேல் வந்த தடவைகளை. பூமி சுற்றியதோடு அவர்களும் ஒரு சுற்றுச் சுற்றினார்கள், எதிர்த்திசையில். அதனால் எண்ணிக்கையில் ஒன்று கழிந்தது.

ஜூல் வெர்ன் இதையே திருப்பிப் போட்டு 1872-ல் தொடராக வந்த 'எண்பது நாளில் உலகைச் சுற்றி' நாவலின் முடிச்சாக்கினார். கிழக்கே போன பிலியாஸ் ஃபாக் ஒரு விடியல் கூடுதலாகப் பார்த்துவிட்டு, தோற்றோம் என்று நினைத்த பந்தயத்தில் ஜெயிக்கிறார். நாவலாக எனக்குப் பிடிக்கும். சாட்சியாக அது நிற்காது. நிமிட சுத்தமான ஃபாக் தேதிக்கோட்டைத் தாண்டிவந்து அமெரிக்கா முழுவதையும் ரயிலில் கடக்கிறார். ஒரு நிலையத்திலும் நாளிதழைப் பார்க்கவில்லையா, நியூயார்க் துறைமுகத்தில் கப்பல் கிளம்பும் தேதியை அவரிடம் யாரும் சொல்லவில்லையா? அவரைத் தேதி தெரியாமல் லண்டன் வரை கூட்டிவர வெர்ன் நிறையப் பாடுபட்டிருக்கிறார். அதோடு, பந்தயம் லண்டன் கிளப்பில் லண்டன் கடிகாரத்தில் தீர்மானிக்கப்பட்டது. ஃபாக் சம்பாதித்தது ஒரு நாள் அல்ல. தன் எண்ணிக்கையில் இருந்த ஒரு நாள் பிழையைத் திருத்தும் வாய்ப்பு.

விமானம் வந்ததும் இந்த விளையாட்டின் வேகம் கூடிற்று. நிலநடுக்கோட்டில் பூமியின் மேற்பரப்பு மணிக்குச் சுமார் 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே ஓடுகிறது. சென்னையில் சற்றே குறைவு. 60 டிகிரி அட்சரேகையில் அதில் பாதி. அங்கே சாதாரணப் பயணிகள் விமானமே மேற்கே பறந்து சூரியனை வானத்தில் நிறுத்திவைக்கலாம். கான்கார்டு அதையும் மிஞ்சியது. ஒலியைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில், லண்டனில் காலை பத்தரைக்குக் கிளம்பி நியூயார்க்கில் அன்று காலை ஒன்பதரைக்குள் இறங்கியது. சூரியன் மறைந்தபின் லண்டனை விட்டவர்கள் மேற்கில் சூரியன் உதிப்பதைப் பார்த்தார்கள். கிளம்புமுன் வந்துசேர்வதை ஒரு சேவையாகவே விற்க முடிந்தது.

இந்த வாதத்தை உடைக்கச் சிறந்த சாட்சியும் அதே விமானம்தான். 1973 ஜூன் 30 அன்று ஆப்பிரிக்காவைக் கடந்த முழுச் சூரிய கிரகணத்தைத் துரத்த, கான்கார்டின் முதல் மாதிரி விமானத்தை வானியலாளர்கள் பயன்படுத்தினார்கள். கானரித் தீவுகளின் லாஸ் பால்மாஸில் கிளம்பிக் கிழக்கே சந்திரனின் நிழலோடு சேர்ந்து ஓடி, சாட் நாடு வரை போனார்கள். தரையில் நின்றவர்களுக்கு மிஞ்சிப்போனால் ஏழு நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாகக் கிடைத்த முழு மறைப்பு, அவர்களுக்கு 74 நிமிடம் நீடித்தது. ஒரு கணத்தை நிறுத்திவைத்தது போலத்தான். ஆனால் அந்த 74 நிமிடமும் அவர்கள் மூச்சு விட்டார்கள், எரிபொருள் எரிந்தது, கருவிகள் 74 நிமிடத்துக்கான தரவைப் பதிந்தன. விஞ்ஞானிகள் போனதே அந்தக் கூடுதல் நிமிடங்களுக்காக. காலம் நின்றிருந்தால் அவர்களுக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. வானத்துக் காட்சியை நிறுத்தலாம், காலத்தை அல்ல. சூரியன் எங்கே நிற்கிறது என்பது பார்ப்பவர் எங்கே நிற்கிறார் என்பதைத்தான் சொல்கிறது. தென்துருவத்தில் ஒருவர் ஒரு கொடிக்கம்பத்தைச் சுற்றி நடந்தே எல்லாத் தீர்க்கரேகைகளையும் தாண்டலாம். அங்குள்ள அமெரிக்க ஆய்வு நிலையம் இந்தக் குழப்பமே வேண்டாமென்று நியூசிலாந்து நேரத்தை வைத்துக்கொண்டது. அங்கே வேலை பார்ப்பவர்களின் விமானங்கள் நியூசிலாந்திலிருந்துதான் வருகின்றன.

பயணியின் உடம்பையும் சாட்சிக் கூண்டில் ஏற்றலாம். உடம்புக்குள் ஒரு கடிகாரம் உண்டு; மூளையின் அடியில் கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு மேல் இருக்கும் சிறு செல் கூட்டம் அதை ஓட்டுகிறது. ஊர் நேரம் மாறியது அதற்குத் தெரியாது. அதனால்தான் லண்டனிலிருந்து வந்த மகன் நடுராத்திரியில் சமையலறையை உருட்டுகிறான். ஜெட் லேக் என்பது காலத்தைத் தாண்டியதால் வந்த களைப்பு அல்ல. காலத்தைத் தாண்டவில்லை என்று உடம்பு தரும் புகார். மேற்கே போவதைவிடக் கிழக்கே போவது கடினம் என்று பலர் சொல்வதற்கும் அங்கேயே விளக்கம் இருக்கிறது: பெரும்பாலோருக்கு அந்தக் கடிகாரத்தின் ஒரு சுற்று 24 மணி நேரத்துக்குச் சில நிமிடம் கூடுதல், ஆகவே நாளை நீட்டுவது அதற்கு எளிது, சுருக்குவது சிரமம்.

இதுவரை வழக்கு ஒருதலையாகவே போயிருக்கிறது. இனிப் பார்ப்பது அப்படியல்ல.

1971 அக்டோபரில் ஜோசப் ஹாஃபெலே என்ற இயற்பியலாளரும் அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் கீட்டிங்கும் நான்கு சீசியம் அணுக்கடிகாரங்களைத் தூக்கிக்கொண்டு சாதாரணப் பயணிகள் விமானங்களில் உலகைச் சுற்றினார்கள். ஒருமுறை கிழக்கே, ஒருமுறை மேற்கே. கடிகாரங்களுக்கும் இருக்கை வாங்கினார்கள், 'மிஸ்டர் கிளாக்' என்ற பெயரில். சோதனைச் செலவில் பெரும்பகுதி டிக்கெட்டுக்கே போயிற்று. சார்பியல் கொள்கையைச் சோதித்த ஆய்வுகளில் இவ்வளவு மலிவானது வேறு இருக்குமா என்று தெரியவில்லை.

திரும்பி வந்து வானாய்வகக் கடிகாரங்களோடு ஒப்பிட்டார்கள். கிழக்கே போனவை சுமார் 59 நானோ வினாடி பின்தங்கியிருந்தன. கொள்கை சொன்னது 40, பிழை விளிம்பு 23. மேற்கே போனவை 273 நானோ வினாடி முந்தியிருந்தன. கொள்கை சொன்னது 275. ஒரு நானோ வினாடி என்பது வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு. ஒளி அதற்குள் ஓரடிதான் நகரும்.

லூயிஸின் அளவுகோல் நினைவிருக்கும்: பயணியின் காலமும் உலகத்தின் காலமும் பொருந்தாமல் போவது. இங்கே பொருந்தவில்லை. நாடகமில்லாமல், தேதிக்கோட்டின் தயவில்லாமல், உண்மையிலேயே பொருந்தவில்லை.

சாட்சியத்தின் தரத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்து சீசியம் கடிகாரங்கள் தம் போக்கில் கொஞ்சம் அலையும் சுபாவமுள்ளவை. அந்த அலைச்சலைக் கழித்துச் சரிசெய்துதான் இந்த எண்கள் வந்தன. முதல் நடைமுறைச் சீசியம் கடிகாரத்தை 1955-ல் கட்டிய பிரிட்டன்காரர் லூயி எசனே இந்த முடிவுகளை ஏற்கவில்லை. கடிகாரத்தைக் கட்டியவர் சந்தேகப்பட்டால் அதை அலட்சியம் செய்ய முடியாது. ஆனால் அவர் சந்தேகத்தைக் காலம் தாங்கவில்லை. 25-ஆம் ஆண்டு நினைவாக 1996-ல் பிரிட்டன் தேசிய இயற்பியல் ஆய்வகம் லண்டனிலிருந்து வாஷிங்டன் போய்த் திரும்பிய கடிகாரத்தில் எதிர்பார்த்தது 39.8 நானோ வினாடி, அளந்தது 39. 2010-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு கடிகாரத்தை 33 சென்டிமீட்டர் உயர்த்தியே வித்தியாசத்தைக் கண்டார்கள். நம் கைபேசியில் வழி காட்டும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் கடிகாரங்களை நாளொன்றுக்கு 38 மைக்ரோ வினாடி திருத்தாவிட்டால் வரைபடத்தில் நாம் வேறெங்கோ நிற்போம். விளைவு உண்மை, இதில் இனி வாதமில்லை.

கேள்வி, இந்த விளைவில் நேர மண்டலத்துக்குப் பங்கு உண்டா என்பதுதான். இரண்டு காரணங்கள் சேர்ந்து இதைச் செய்கின்றன. உயரப் போகப் போக ஈர்ப்பு தளர்கிறது, கடிகாரம் வேகமாக ஓடுகிறது. வேகம் கூடக் கூடக் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது. இந்த வேகத்தைத் தரையிலிருந்து அளக்கக் கூடாது. பூமியோடு சேர்ந்து சுழலாத ஓரிடத்திலிருந்து அளக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் தரையில் சும்மா இருப்பவரும் கிழக்கே ஓடிக்கொண்டிருக்கிறார். கிழக்கே பறப்பவர் அந்த வேகத்தோடு தன் வேகத்தைக் கூட்டுகிறார். உயரத்தின் விளைவையும் மீறி அவர் கடிகாரம் மந்தமாகிறது. மேற்கே பறப்பவர் பூமியின் வேகத்திலிருந்து தன் வேகத்தைக் கழிக்கிறார், தரையில் இருப்பவரைவிடவும் மெதுவாகப் போகிறார். உயரமும் சேர்ந்துகொள்ள, அவர் கடிகாரம் முந்துகிறது.

'கிழக்கு என்றால் எதிர்காலம்' என்று நம்பியவருக்கு இதில் ஒரு சிறு ஆறுதல் உண்டு. உலகைக் கிழக்காகச் சுற்றியவர் 59 நானோ வினாடி குறைவாக வாழ்ந்துவிட்டு வந்தார். உலகம் அவரைவிட அவ்வளவு முன்னே போயிருந்தது. அதை எதிர்காலப் பயணம் என்று சொல்ல லூயிஸ் அனுமதிப்பார். மேற்கே போனவர் மட்டும் கடந்தகாலத்துக்குப் போகவில்லை. அவர் 273 நானோ வினாடி கூடுதலாக வாழ்ந்தார், கூடுதலாக மூப்படைந்தார்; நடந்து முடிந்த எதையும் அவர் மறுபடி பார்க்கவில்லை.

ஆறுதல் அத்தோடு சரி. திசையும் மண்டலமும் ஒன்றல்ல. சென்னை வானத்திலேயே, எந்த மண்டலத்தையும் தாண்டாமல், பத்து மணி நேரம் வட்டமடித்துவிட்டு இறங்குகிற விமானத்தில் இருப்பவர் தரையில் இருந்தவரைவிட ஏறத்தாழ 27 நானோ வினாடி மூத்திருப்பார். பாதி நேரம் கிழக்கும் பாதி நேரம் மேற்கும் ஈடுகட்டிப் போக, மிஞ்சுவது உயரம் கொடுத்த மூப்பு. ஆக்லாந்து-ஹொனலுலு விமானத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அது பறந்தது வடகிழக்காக, கிழக்கைவிட வடக்கே அதிகம். தோராயமாகக் கணக்குப் போட்டால், உயரத்தின் விளைவு வேகத்தின் விளைவை லேசாக வென்றுவிடுகிறது. அந்தப் பயணிகள் நேற்றுக்குப் போய் ஒரு நாள் இளமையாகவில்லை. ஆக்லாந்திலேயே தூங்கியவர்களைவிடச் சில நானோ வினாடி மூப்பாகத்தான் இறங்கினார்கள். தேதிக்கோடு ஒரு பக்கம் காட்டியது, அணுக்கடிகாரம் மறுபக்கம் காட்டுகிறது.

வாழ்நாளெல்லாம் பறப்பவர்களுக்கும் இதே கதை. இருபதாயிரம் மணி நேரம் பறந்து ஓய்வு பெறுகிற விமானி, கிழக்கும் மேற்கும் சமமாகப் போயிருந்தால், வீட்டில் இருந்த தன் இரட்டைச் சகோதரரைவிடச் சுமார் 50 மைக்ரோ வினாடி மூத்தவர். கண்ணிமைக்கும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதற்காக ஓய்வூதியத்தை முன்கூட்டிக் கேட்க முடியாது.

கடந்தகாலத்துக்கு வழியே இல்லையா என்று கேட்பவர்களுக்கு: சமன்பாடுகள் கதவை முழுக்கச் சாத்தவில்லை. 1949-ல் குர்ட் கோடல் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்தே, சுழலும் ஒரு பிரபஞ்சத்தில் போகிற பாதை தன் கடந்தகாலத்தில் வந்து சேரலாம் என்று காட்டினார். நம் பிரபஞ்சம் அப்படிச் சுழல்வதாகத் தெரியவில்லை. இயற்கை இத்தகைய பாதைகளை எங்கேயும் அனுமதிக்காது என்று 1992-ல் ஸ்டீபன் ஹாக்கிங் ஊகித்தார். அது இன்னும் ஊகம்தான். இவற்றில் எதற்கும் போர்டிங் பாஸ் கிடையாது.

ஆகவே என் தீர்ப்பு இரண்டு பகுதி. நேர மண்டலத்தைத் தாண்டுவது காலப் பயணம் என்ற கூற்று முழுக்கத் தள்ளுபடி. அதில் ஒரு நானோ வினாடிகூட இல்லை. பறப்பது காலத்தைத் தொடுகிறது என்ற கூற்று ஏற்கத்தக்கது. ஆனால் அது எதிர்காலத்தை நோக்கி மட்டுமே, கிழக்கே போதிய வேகத்தில் போகிறவருக்கு மட்டுமே, யாரும் உணர முடியாத அளவில் மட்டுமே. நிலநடுக்கோட்டின் மேல் கிழக்கு நோக்கி ஓர் ஆண்டு முழுக்க இறங்காமல் பறந்தாலும் கிடைப்பது சுமார் 17 மைக்ரோ வினாடி.

இரண்டு கணக்கையும் ஒரே மனிதர் மேல் வைத்துப் பார்த்துவிடலாம். ருஷ்ய விண்வெளி வீரர் செர்கேய் கிரிக்கலேவ் 1991-ல் சோவியத் ஒன்றியத்திலிருந்து மீர் நிலையத்துக்குப் போய், 1992-ல் திரும்பியபோது அந்த நாடே இல்லாமல் போயிருந்தது. 2005 வரை பல பயணங்களில் அவர் விண்ணில் கழித்தது மொத்தம் 803 நாள். பூமியை ஒன்றரை மணிக்கு ஒருமுறை, கிழக்கு நோக்கிச் சுற்றினார். எல்லா மண்டலங்களும், தேதிக்கோடும், ஒவ்வொரு சுற்றிலும். மொத்தம் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுகள். பிலியாஸ் ஃபாக் போல விடியல்களை எண்ணியிருந்தால் அவர் நாட்காட்டி நம்முடையதைவிடச் சுமார் முப்பத்திரண்டு ஆண்டு விலகிப் போயிருக்கும். அணுக்கடிகாரக் கணக்கில் அவர் நம்மைவிட இளையவர்: வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு.